எந்தக் காட்டை முதலில் காப்பது?
கணிப்பொறி நிலப்படங்களும் மேற்குத் தொடர்ச்சி மலைகளும்

புனே நகரின் வடமேற்கே, பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது நிக்டி. பிம்பரி-சிஞ்சுவட் தொழில் நகரத்தில் திட்டமிட்டு எழுப்பப்பட்ட குடியிருப்புப் பகுதி இது. இதனை உருவாக்குவதற்கென 1972இல் அமைக்கப்பட்ட நவநகர வளர்ச்சி ஆணையம் 2021இல் கலைக்கப்பட்டது. அதன் பணிகள் புனே பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்கும் மாநகராட்சிக்கும் பிரித்தளிக்கப்பட்டன. நிக்டியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்பவர் ஐம்பது கிலோமீட்டருக்குள் லோணாவளாவை அடைந்துவிடுவார். இக்குறுகிய தொலைவில் இயற்கை முற்றிலும் மாறிவிடுகிறது. புனே நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லோணாவளாவிலோ அது 4,000 மில்லிமீட்டரையும் கடந்துவிடுகிறது. கிழக்கே முட்புதர்களும் புல்வெளிக் குன்றுகளும். நடுவே இலையுதிர் காடுகள். மலைமுகட்டை ஒட்டிப் பசுமைமாறாக் காடுகளின் எச்சங்கள். இவற்றுக்கிடையே அணைகள், விரைவுச்சாலை, தொழிற்பேட்டைகள், ஓய்வில்லங்கள் ஆகியவை ஆண்டுதோறும் பெருகி வருகின்றன.

இத்தனை காடுகளையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு கண்டிப்புடன் காப்பது எந்த அரசாலும் இயலாத செயல். வனக் காவலர் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. நிதி ஒதுக்கீட்டுக்கும் உண்டு. ஆகவே, எதனை முதலில் காப்பது, எங்கே சுரங்கத்துக்கு இடமில்லை என்று சொல்வது, எங்கே வீடு கட்ட இசைவு தருவது என்னும் வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். முற்காலத்தில் இவ்விடை பெரும்பாலும் வனத்துறை உயர் அலுவலரின் அனுபவத்தையும், சில வேளைகளில் மன்னர்களின் வேட்டைக்காடு எங்கிருந்தது என்பதையும் பொறுத்திருந்தது. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அப்பணியில் ஒரு புதிய கருவி வந்து சேர்ந்துள்ளது. அதுவே புவியியல் தகவல் முறை எனப்படும் கணிப்பொறி நிலப்பட மென்பொருள். அது செய்வது என்ன, அதனால் இயலாதது என்ன என்பதை மேற்குத் தொடர்ச்சி மலைகளின் பட்டறிவைக் கொண்டு காண்போம்.

ஒன்றன்மேல் ஒன்றாகப் படலங்கள்

அச்சிட்ட நிலப்படத்தில் ஆறு, சாலை, ஊர், காடு யாவும் ஒரே தாளில் கலந்திருக்கும். கணிப்பொறியில் அவை தனித்தனிப் படலங்களாக வைக்கப்படுகின்றன. ஒரு படலம் நிலத்தின் உயரத்தைக் கூறும். இன்னொன்று சரிவைக் கூறும். மற்றொன்று காட்டின் வகையை. வேறொன்று கிராம எல்லையை. எல்லாப் படலங்களும் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகைச் சட்டத்தில் பொருந்தியிருப்பதால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் அவை யாவும் என்ன சொல்கின்றன என்று ஒருங்கே கேட்க முடிகிறது. “30 பாகைக்கு மேல் சரிவுள்ளதும், ஆற்றிலிருந்து 500 மீட்டருக்குள் இருப்பதும், இப்போது எந்தச் சரணாலயத்திலும் சேராததுமான காடுகள் எவை?” என்று வினவினால், சில நொடிகளில் அவை மட்டும் நிறம் பெற்றுத் திரையில் தோன்றும்.

கருத்து புதியதன்று. கண்ணாடித் தாள்களில் தனித்தனியே வரைந்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒளியில் பார்க்கும் முறையை நில வடிவமைப்பாளர்கள் முன்பே கையாண்டனர். அதைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது 1960களில் கனடா நாடு. தன் பரந்த நிலவளத்தைக் கணக்கெடுக்கும் பணிக்காக ரோஜர் டாம்லின்சன் என்பவர் அங்கு இம்முறையை உருவாக்கினார். அக்காலத்தில் அரசுகளால் மட்டுமே தாங்கக்கூடியதாய் இருந்த இச்செலவு இன்று பெரிதும் குறைந்துவிட்டது. 2002இல் தொடங்கப்பட்ட கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. 2009 முதல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ‘புவன்’ தளமும் செயற்கைக்கோள் படங்களை மக்கள் பார்வைக்கு வைத்துள்ளது. ஒரு கல்லூரி மாணவர்கூடத் தம் வட்டத்தின் காட்டு நிலப்படத்தை வரைந்துவிடலாம். வரைந்த படம் சரியானதா என்பது வேறு வினா.

வானிலிருந்து எடுத்த கணக்கு

படலங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? 1767இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறையின் தாள்கள் உயரத்தையும் ஆறுகளையும் ஊர்களையும் தந்தன. காட்டின் வகைகளைப் பொறுத்தவரை, நம் தென்னகத்துக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1960களிலேயே தாவர நிலப்படங்களை வெளியிடத் தொடங்கியது. 1980களில் மேற்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதிக் காடுகளை 1:2,50,000 அளவில் வரைந்தது. வெறுமனே ‘காடு’ என்று பச்சை தீட்டாமல், எந்த மரங்கள் கூடி வாழும் காடு, எத்தனை மாதம் வறட்சியைத் தாங்கும் காடு, எந்த அளவுக்குச் சிதைந்த காடு என்றெல்லாம் பிரித்துக் காட்டிய படங்கள் அவை. பின்னர் 1990களில் பி. ஆர். ரமேஷ், எஸ். மேனன், கமல் பாவா ஆகியோர் அகத்தியமலைப் பகுதியை எடுத்துக்கொண்டு, தாவர நிலப்படத்தையும் காப்பகங்களின் எல்லையையும் கணிப்பொறியில் பொருத்தி, காப்பில் விடுபட்டவை எவை என்று ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். களக்காடு-முண்டந்துறையை உள்ளடக்கிய அம்மலைகளில் நிகழ்ந்த இவ்வாய்வு, இம்முறை நம் நாட்டில் காடுகளுக்குப் பயன்பட்ட தொடக்க கால எடுத்துக்காட்டுகளுள் ஒன்று.

மறுபுறம் செயற்கைக்கோள் படங்கள் வந்தன. அவற்றின் வருகையோடு ஒரு சச்சரவும் வந்தது. 1980களின் நடுவில் தேசியத் தொலையுணர்வு நிறுவனம் தன் கணக்கை வெளியிட்டபோது, நாட்டின் காட்டுப் பரப்பு 1972-75இல் 16.89 விழுக்காடாக இருந்து 1980-82இல் 14.10 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்று தெரிவித்தது. வனத்துறையின் பதிவேடுகள் அதுவரை சொல்லிவந்ததற்கு இது நேர்மாறானது, நாடே அதிர்ந்தது. 1981 ஜூனில் நிறுவப்பட்டிருந்த இந்திய வன அளவை நிறுவனம் ஏறத்தாழ அதே காலத்துப் படங்களை ஆராய்ந்து, 1987இல் வெளியிட்ட தன் முதல் அறிக்கையில் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 19.5 விழுக்காடு என்றது. ஒரே வானம், ஒரே நிலம். ஆயினும் கணக்கில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு. பல இலட்சம் ஹெக்டேர் காடு இரண்டு மேசைகளுக்கு இடையே தோன்றி மறைந்தது எனலாம். எதனைக் காடு என்று எண்ணுவது என்னும் வரையறையே இத்தகைய வேறுபாட்டுக்கு வேர் என்பதை நினைவில் கொண்டால், பின்னர் நிகழ்ந்த பூசல்கள் எளிதில் விளங்கும்.

இன்று அவ்வரையறை தெளிவாகவே உள்ளது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அது காடு. 40 விழுக்காட்டுக்குக் கீழ் திறந்த காடு, 70 வரை நடுத்தர அடர்த்தி, அதற்கு மேல் மிக அடர்ந்த காடு. நிலம் யாருடையது, மரம் எது என்பன பார்க்கப்படுவதில்லை. இவ்வளவுகோலின்படி, 2023ஆம் ஆண்டுக்குரிய அறிக்கை நாட்டின் காட்டுப் பரப்பை 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது 21.76 விழுக்காடு என்கிறது. தோப்பும் தோட்டமும் இதில் அடங்கும் என்பதை அறிந்தே இவ்வெண்ணைப் படித்தல் வேண்டும்.

2,200 கட்டங்கள்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010 மார்ச்சில் மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழுவை அமைத்தது. புனேயைச் சேர்ந்த சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் அதன் தலைவர். குஜராத்திலிருந்து கன்னியாகுமரி வரை 1,600 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடரில் எவ்விடம் எவ்வளவு நுட்பமானது என்று வரையறுத்துத் தருவதே குழுவுக்கு இடப்பட்ட முதன்மைப் பணி.

குழு செய்தது இதுதான். மலைத்தொடர் முழுவதையும் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் அளவுள்ள சுமார் 2,200 கட்டங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பல பண்புகளில் 1 முதல் 10 வரை தரம் இட்டது. வேறெங்கும் இல்லாத தாவரங்கள், அழிவின் விளிம்பில் உள்ளவையெனப் பன்னாட்டுப் பட்டியலில் கண்ட பாலூட்டிகள், தனித்தன்மை வாய்ந்த பசுமைமாறாக் காடு, காட்டுப் பரப்பின் விழுக்காடு, கடல்மட்டத்துக்கு மேல் உயரம், சரிவு, ஆற்றோரக் காடுகள் என்பன அப்பண்புகள். பிறகு சராசரி கண்டது. இவ்வாறு மலைத்தொடர் முழுவதும் ஒரு மதிப்பெண் பட்டியலாயிற்று.

ஆனால் எத்தனை மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி? இங்கேதான் குழு ஓர் அறிவார்ந்த வழியைக் கண்டது. ஏற்கெனவே சரணாலயங்களாகவும் தேசியப் பூங்காக்களாகவும் உள்ள கட்டங்கள் என்ன மதிப்பெண் பெற்றுள்ளன என்று பார்த்து, அவற்றோடு ஒப்பிட்டே மற்றவற்றைத் தரம் பிரித்தது. அதையும் மாநிலம் மாநிலமாகச் செய்தது. இதன் காரணம் எளிது. தெற்கே கேரளம், தமிழ்நாட்டு மலைகளில் மழை மாதங்கள் மிகுதி, தனித்தன்மை வாய்ந்த உயிரினங்களும் மிகுதி; வடக்கே மகாராட்டிரத்திலும் குஜராத்திலும் வறட்சி நீள்கிறது. எல்லோருக்கும் ஒரே தேர்வுத்தாள் என்றால் வடபகுதி முழுவதும் தோற்றுவிடும். நிக்டிக்கு அப்பாலுள்ள மாவள், முள்ஷி வட்டங்களின் காடுகளுக்குப் பட்டியலில் இடமே இல்லாமற் போயிருக்கும்.

கணிப்பொறி தானாகத் தீர்மானித்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. முதல் மண்டலமும் இருக்கின்ற காப்பகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும், மூன்றாம் மண்டலம் 25 விழுக்காடு அளவில் அமையட்டும் என்று முடிவு செய்தவர்கள் குழுவினரே. அஃது ஓர் அறிவியல் அளவீடு அன்று. மனிதர்கள் எடுத்த முடிவு. குழு அதனை மறைக்கவில்லை. வரைந்த மண்டலங்கள் முடிந்த முடிவல்ல, கிராம சபைகளுக்குக் கொண்டு சென்று திருத்தப்பட வேண்டியவை என்றும் கூறியது. 2011 ஆகஸ்டில் அளிக்கப்பட்ட அறிக்கையோ உடனே மக்களிடம் செல்லவில்லை. மத்தியத் தகவல் ஆணையத்தின் ஆணைக்கும் தில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு, 2012 மே மாதத்தில்தான் வெளியிடப்பட்டது. அதற்குள் அதைப் பற்றிய வதந்திகள் மலை முழுவதும் பரவிவிட்டன.

கட்டத்திலிருந்து கிராமத்துக்கு

எதிர்ப்பு வலுக்கவே, 2012 ஆகஸ்டில் விண்வெளி அறிவியலாளர் கே. கஸ்தூரிரங்கன் தலைமையில் மற்றொரு குழு அமைக்கப்பட்டது. அது 2013 ஏப்ரலில் அறிக்கை அளித்தது. இக்குழுவின் அணுகுமுறை வேறு. 81 சதுர கிலோமீட்டர் கட்டத்தில் காடும் வயலும் ஊரும் கலந்துகிடக்கும் என்பதால், 24 மீட்டர் நுணுக்கமுள்ள செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, இயற்கை நிலம் எது, மனிதர் வாழ்ந்து பயிரிடும் நிலம் எது என்று முதலில் பிரித்தது. மலைத்தொடரின் பரப்பு 1,64,280 சதுர கிலோமீட்டர் எனக் கொண்டு, அதில் 41 விழுக்காடே இயற்கை நிலம் என்றது. பின்பு உயிர்வளம் மிகுந்து, காடு துண்டுபடாமல், மக்கள் நெருக்கம் குறைந்திருக்கும் பகுதிகளைத் தெரிந்தெடுத்தது. இறுதியில் கிராமத்தை அலகாகக் கொண்டு, ஒரு கிராமத்தின் பரப்பில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ இத்தகைய நிலம் இருந்தால் அக்கிராமம் முழுவதும் சூழலியல் நுண்ணுணர்வுப் பகுதி என அறிவிக்கப் பரிந்துரைத்தது. இவ்வாறு 4,156 கிராமங்களும் ஏறத்தாழ 59,940 சதுர கிலோமீட்டரும் தேறின. இது மலைத்தொடரில் 37 விழுக்காடு.

இரு குழுக்களின் விடைகளும் மாறுபட்டதற்கு நோக்கத்தில் இருந்த வேறுபாடு ஒரு காரணம். அலகில் இருந்த வேறுபாடு மற்றொரு காரணம். கிராமத்தை அலகாக்கியதில் ஒரு நன்மை உண்டு: நிர்வாகம் நடப்பது கிராமத்தில்தான், கட்டத்தில் அன்று. ஆனால் 20 விழுக்காடு என்னும் கோட்டின் இரு பக்கமும் நின்று பார்த்தால் அதன் கடுமை புலப்படும். 19 விழுக்காடு காடுள்ள ஊர் முழுவதும் வெளியே. 21 விழுக்காடு உள்ள ஊர் முழுவதும், அதன் நெல்வயலும் தெருக்களும் உட்பட, உள்ளே. மூன்று தலைமுறையாக ரப்பரும் மிளகும் பயிரிட்டு வந்த கேரளத்து மலைக்குடியினர் தங்கள் வீட்டு மனை ‘காட்டு நிலப்படத்தில்’ இருப்பதைக் கண்டு கொதித்தெழுந்ததில் வியப்பில்லை.

கேரள அரசு 2013இல் உம்மன் வி. உம்மன் தலைமையில் தனிக்குழு ஒன்றை அமைத்தது. அறிவிக்கப்பட்ட 123 கிராமங்களிலும் குடியிருப்பு, பயிர்நிலம், தோட்டம் ஆகியவற்றைப் புல எண் அளவில் பிரித்து விலக்கும் பணி தொடங்கியது. இதன் விளைவாக அம்மாநிலப் பகுதி 13,108 சதுர கிலோமீட்டரிலிருந்து 9,993.7 ஆகக் குறைந்தது. அமைச்சகம் 2014 மார்ச்சில் வெளியிட்ட வரைவு அறிவிக்கையில் மொத்தப் பரப்பு 56,825.7 சதுர கிலோமீட்டராக ஆனது இதனால்தான். அவ்வரைவில் கருநாடகத்துக்கு 20,668, மகாராட்டிரத்துக்கு 17,340, தமிழ்நாட்டுக்கு 6,914, கோவாவுக்கு 1,461, குஜராத்துக்கு 449 சதுர கிலோமீட்டர் இடம் பெற்றன. வேறெந்த மாநிலத்திலும் அதற்குள் இத்தகைய நுணுக்கமான திருத்தம் நிகழவில்லை. வரைவு காலாவதியாவதும் புதிய வரைவு வெளிவருவதுமாக, 2024 ஜூலை 31இல் ஆறாவது வரைவு வெளியாயிற்று. பத்தாண்டுகளுக்கு மேல் ஒரு நிலப்படம் வரைவாகவே இருக்குமானால், அதனால் காடு அடையும் பயனைவிட நிலத்தரகர் அடையும் பயனே மிகுதியாக இருக்கக்கூடும்.

படப்புள்ளிக்குத் தப்புபவை

நிக்டியில் துர்க்கா தேக்டி என்றொரு குன்று உண்டு. மரங்கள் நட்டு வளர்த்துப் பூங்காவாக்கப்பட்ட இடம். காலை வேளைகளில் நடைப்பயிற்சிக்கு வருவோர் மிகுதி. தொழில் நகரத்துக்கு இது ஒரு நுரையீரல் என்பதில் ஐயமில்லை. அங்கிருந்து வடக்கே, அம்பேகாவ் வட்டத்தில், பீமாசங்கர் சரணாலயத்தை ஒட்டி ஆகுபே என்னும் சிற்றூர் இருக்கிறது. மகாதேவ கோளி பழங்குடியினர் வாழும் அவ்வூரின் தெய்வக்காடு பெயர் பெற்றது. இத்தகைய காடுகளை மராட்டியர் ‘தேவராய்’ என்பர். நம் ஊர்க் கோயிற்காடுகளைப் போன்றவை. கோடாலி படாத மரங்களும் பெருங்கொடிகளும் அங்கே தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. புனேயில் 1970களில் வி. டி. வார்த்தக்கும் காட்கிலும் இவற்றை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து எழுதியதால்தான் இவற்றின் அறிவியல் மதிப்பு வெளியுலகுக்குத் தெரியவந்தது.

வானிலிருந்து பார்க்கும் படப்புள்ளிக்கு, நட்டு வளர்த்த குன்றும் பச்சை, தேவராயும் பச்சை. பரப்பின்படி பார்த்தால் குன்றே பெரிதாகத் தெரியவும் கூடும். தேவராய்களில் பல ஒரு ஹெக்டேரையும் எட்டாதவை. நம் செயற்கைக்கோள் படப்புள்ளி ஒன்றின் பக்கம் 23.5 மீட்டர், ஒரு ஹெக்டேரில் அடங்குபவை ஏறத்தாழ 18 புள்ளிகள். விளிம்பிலுள்ள புள்ளிகளில் வயலும் மரமும் கலந்துவிட, நடுவிலுள்ள சிலவே தெளிவாக மிஞ்சும். 9 கிலோமீட்டர் கட்டத்திலோ நிலைமை இன்னும் மோசம்: 8,100 ஹெக்டேருக்குள் 2 ஹெக்டேர் தேவராய் நான்காயிரத்தில் ஒரு பங்கு. அதற்கெனத் தனிப் படலம் ஒன்று களத்தில் நடந்து சேகரிக்கப்பட்டாலன்றி, எத்தனை விலையுயர்ந்த மென்பொருளும் அதனைக் காணாது.

புல்வெளிப் பீடபூமிகளின் கதையும் இதுவே. சாத்தாராவுக்கு அருகிலுள்ள காஸ் பீடபூமியில் மரம் அரிது; வெயிற்காலத்தில் வெறும் செம்பாறை. மழைக்குப் பின் சில வாரங்களுக்கு மட்டும் பூக்கும் சிறு தாவரங்களுக்காக 2012இல் அது உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. ‘காட்டு விழுக்காடு’ என்னும் பண்பில் அதற்குக் கிடைப்பது மிகக் குறைந்த மதிப்பெண்ணே. இலையுதிர் காடுகளுக்கும் பருவத்தால் கேடு உண்டு. ஏப்ரலில் எடுத்த படத்தில் அவை தரிசாகத் தோன்றும், அக்டோபரில் எடுத்ததில் அடர்காடாகத் தோன்றும். வன அளவை நிறுவனம் மழைக்குப் பிந்திய மாதங்களின் படங்களையே பெரிதும் நாடுவது இதனால்தான்.

வெளியிடப்பட்ட புள்ளிவிவரத்தை எப்படிப் படிப்பது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மேற்குத் தொடர்ச்சி மலை நுண்ணுணர்வுப் பகுதியில் பத்தாண்டுகளில் காட்டுப் பரப்பு 58.22 சதுர கிலோமீட்டர் குறைந்தது. சிறிய எண் என்று கடந்து செல்லத் தோன்றும். உள்ளே பார்த்தால், மிக அடர்ந்த காடு 3,465.12 சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது. நடுத்தரக் காடு 1,043.23ம் திறந்த காடு 2,480.11ம் குறைந்திருக்கின்றன. இதில் எவ்வளவு காடு உண்மையிலேயே செழித்தது, எவ்வளவு தோட்டப்பயிர் வளர்ந்து கவிகை மூடியது, எங்கே பழைய காடு போய்ப் புதுமரம் வந்தது என்பதைக் கூட்டுத்தொகை சொல்லாது. இடம் இடமாகப் படத்தைப் பிரித்துப் பார்த்தால் மட்டுமே தெரியவரும். கவிகை அடர்த்தி வேறு, காட்டின் நலம் வேறு.

சரிவும் மழையும்

2014 ஜூலை 30ஆம் நாள் விடியற்காலையில், அதே அம்பேகாவ் வட்டத்தில், மாளீண் என்னும் மலையூர் மண்ணுள் புதைந்தது. 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடைவிடாத மழையோடு, சரிவான நிலத்தைச் சமன்செய்து வயலாக்கியதும் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது. சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 2024 ஜூலை 30இல், கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அவ்வாறே அழிந்தன. உயிரிழப்பு மாளீணைக் காட்டிலும் மிகப் பெரிது. ஆறாவது வரைவு வெளியானது அதற்கு மறுநாள்.

காட்டின் முன்னுரிமையைக் கணிக்கையில் உயரமும் சரிவும் ஏன் படலங்களாக இடம் பெறுகின்றன என்று கேட்போர் உண்டு. பறவையும் பூவும் அன்றோ காக்கப்பட வேண்டியவை என்பது அவர்கள் எண்ணம். செங்குத்தான சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது மரத்தின் வேர். சமநிலத்தில் காடழிந்தால் காடு மட்டும் போகிறது. சரிவில் அழிந்தால் கீழுள்ள ஊரும் போகக்கூடும். சரிவுப் படலம் கணக்கிட எளிதானதும்கூட. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்களில் ரேடார் கொண்டு உலகின் பெரும்பகுதியை அளந்ததிலிருந்து, எந்த மலையின் உயரமும் எண்களாக எவருக்கும் கிடைக்கிறது. அடுத்தடுத்த இரு புள்ளிகளின் உயர வேறுபாட்டை அவற்றின் தொலைவால் வகுத்தால் சரிவு. சிக்கல் என்னவெனில், 90 மீட்டருக்கு ஒரு புள்ளியாக உயரத்தை எடுத்தால், ஊருக்குப் பின்னாலுள்ள செங்குத்தான சிறு முகடு சராசரியில் கரைந்துவிடும். சாலை வெட்டியதால் புதிதாக உண்டான சரிவோ பழைய படத்தில் இருக்கவே இருக்காது.

மதிப்பெண்ணா, சேர்க்கையா?

சராசரி மதிப்பெண்ணுக்கும் ஒரு குறை உண்டு. மூன்று பண்புகளில் 10, 10, 1 பெற்ற கட்டத்துக்கும் 7, 7, 7 பெற்ற கட்டத்துக்கும் சராசரி ஒன்றே. ஆனால் முதலாவது அரிய செல்வம் உடையது. இரண்டாவது எல்லாவற்றிலும் நடுத்தரம். எனவே மதிப்பெண்ணோடு அதன் உறுப்புகளையும் படத்தில் காட்டுவதே முறை.

இதனினும் நுட்பமான குறை ஒன்று. ஒரு கற்பனைக் கணக்கு: முதற்குன்றில் 10 அரிய தாவரங்கள், இரண்டாம் குன்றில் 9, ஆனால் அவை யாவும் முதற்குன்றிலும் உள்ளவை, மூன்றாம் குன்றில் 4 மட்டுமே, ஆனால் அவை வேறெங்கும் இல்லாதவை. இரண்டு குன்றுகளையே காக்க முடியும் என்றால், மதிப்பெண் வரிசைப்படி முதலும் இரண்டும் தேர்வாகும். காக்கப்படுபவை 10 வகைகள். முதலையும் மூன்றையும் எடுத்தாலோ 14. தனித்தனிக் குன்றின் தகுதியைக் காட்டிலும், அவை ஒன்றையொன்று எவ்வாறு நிறைவு செய்கின்றன என்பதே முதன்மையானது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் கர்க்பாட்ரிக் 1983இல் எழுதிய இக்கருத்திலிருந்து தனியொரு துறையே வளர்ந்தது. மார்க்சன், சோனேஷன் போன்ற மென்பொருள்கள், இலட்சக்கணக்கான சேர்க்கைகளை ஆராய்ந்து, குறைந்த நிலத்தில் அல்லது குறைந்த செலவில் மிகுந்த வகைகளைக் காக்கும் வழியைத் தேடித் தருகின்றன. ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் 2004இல் மீன்பிடிக்கு மூடப்பட்ட பரப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 33 விழுக்காடாக உயர்த்தப்பட்டபோது, மார்க்சன் கணக்கு அதற்குத் துணை நின்றது. அங்கேயும் மென்பொருள் தந்த கோடுகள் மீனவர்களிடம் கொண்டு செல்லப்பட்டு, பல்லாயிரம் கருத்துரைகளுக்குப் பின் மாற்றி வரையப்பட்டன.

நம் மலைகளுக்கு இம்முறை பொருந்துமா? பொருந்தும், ஆனால் அதற்கு எந்தத் தாவரம் எங்கே உள்ளது என்னும் பட்டியல் சீராக இருத்தல் வேண்டும். சாலையோரத்திலும் கல்லூரிக்கு அருகிலும் மிகுந்த பதிவுகள், உள்காட்டில் ஒன்றுமில்லை என்றால், மென்பொருள் சாலையோரத்தையே செழிப்பானதாகக் கருதும். தாவரவியலாளர் நடக்காத இடம் அதற்கு வெற்றிடம்.

எல்லைக்கல்லில் முடியும் வேலை

மகாராட்டிரத்தின் கிழக்கெல்லையில், கட்சிரோலி மாவட்டத்தில், மேண்டா என்னும் கோண்டு பழங்குடிச் சிற்றூர் உள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2009இல் அவ்வூரின் கிராம சபைக்கு 1,800 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டின் மீது சமூக உரிமை வழங்கப்பட்டது. நாட்டில் இவ்வுரிமையை முதலில் பெற்ற ஊர்களுள் அதுவும் ஒன்று. இச்சட்டத்தின்படி உரிமை கோரும் ஊரார் தங்கள் எல்லையைத் தாங்களே காட்ட வேண்டும்: எந்த ஓடை, எந்தப் பாறை, எந்த மரம் என்று. இன்று பல ஊர்களில் இளைஞர்கள் கையடக்க இடங்காட்டிக் கருவியுடன் முதியவர்கள் பின்னே நடந்து, அவர்கள் காட்டும் எல்லையைப் புள்ளி புள்ளியாகப் பதிகின்றனர். அப்புள்ளிகள் கணிப்பொறியில் இணைந்து ஒரு படலமாகின்றன. தலைநகரில் வரையப்பட்ட படலங்களோடு அது சம உரிமையுடன் பொருந்தும். முரண்படும் இடங்களில் யார் சரி என்று களத்தில் சென்று பார்க்கலாம்.

மாவள் வட்டத்துக்கு இது இன்று உடனடித் தேவை. அவ்வட்டம் முழுவதும் 2015இல் அமைந்த புனே பெருநகர ஆணையத்தின் எல்லைக்குள் வந்துவிட்டது. வளர்ச்சித் திட்டத்துக்கென ஆணையமும் நிலப்படம் வரைகிறது. நுண்ணுணர்வுப் பகுதிக்கென அமைச்சகமும் வரைந்துள்ளது. வனத்துறையிடம் தனிப்படம், வருவாய்த்துறையிடம் புல எண் படம். நான்கும் நான்கு அளவில், நான்கு ஆண்டுகளில் எடுக்கப்பட்டவை. ஒரு துறையின் கோட்டை மற்றொரு துறையின் கோட்டின் மீது வைத்தால் ஐம்பது, நூறு மீட்டர் விலகி நிற்பது வழக்கமாகக் காணப்படுவதே. மலைச்சரிவில் மனை விற்பவர் தமக்கு ஏற்ற கோட்டை எடுத்துக்கொள்வதற்கு அந்த இடைவெளி போதும்.

ஆதலின் முதலில் செய்ய வேண்டியது புதிய மென்பொருள் வாங்குவதன்று. உம்மன் குழு கேரளத்தில் செய்ததைப் போல, புல எண் படத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி, கிராமம் கிராமமாகச் சென்று சரிபார்ப்பதே. அச்சரிபார்ப்பில் தேவராய்களும் ஊற்றுகளும் முகட்டுப் புல்வெளிகளும் தனிப் படலங்களாக ஏற வேண்டும். ஊருக்கு மேலுள்ள சரிவுகள் நுணுக்கமான உயர அளவுகளைக் கொண்டு திரும்பக் கணக்கிடப்பட வேண்டும். முடிந்த படம் மராட்டியில், புல எண்களுடன், ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். மழைக்காலம் முடிந்து இலை உதிர்வதற்கு முன், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களே இக்களப்பணிக்கு ஏற்ற காலம்.